மூன்று தாள்கள், இரண்டு காலி வரிகள்

எனக்கு முப்பத்தாறு வயது. ஒலி அமைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று சொன்னால், எதிரில் இருப்பவர் என் முகத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்வியைக் கேட்கிறார். ஓய்வு என்பதற்கு அறுபது வயது வேண்டும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். காதுக்கு அந்தக் கணக்கு தெரியாது.

இதை எழுதக் காரணம் மூன்று புதிய பிள்ளைகள். நான் வேலை பார்த்த விருதுநகர் கம்பெனியை இப்போது முத்துச்செல்வி நடத்துகிறாள். அவளிடம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம். ஒலியைக் கலக்கும் மிக்ஸரின் திரையிலேயே எந்த இரைச்சல் எந்த அளவில் இருக்கிறது என்று கோடுகோடாகத் தெரிகிறது. வேண்டாத ஹம் எனும் ரீங்காரத்தை அதுவே நீக்கிவிடுகிறது. அப்படியிருக்க, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் மூன்று பேர் வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்து காகிதத்தில் எழுதுவது எதற்கு? செல்வி, "அக்காட்டப் போயிக் கேளுங்க" என்று என் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். வந்தவர்களுக்குப் பாதியைத்தான் சொல்ல முடிந்தது. மீதி இது.

விருதுநகரில் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ முடித்ததும் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வெடிச் சத்தத்தை அளக்கும் வேலை கிடைத்தது. மரம் மட்டை இல்லாத கரிசல் வெளி. நடுவில் ஒரு சிமெண்டுத் தளம். அதிலிருந்து அளந்து வைத்த தூரத்தில் முக்காலியில் மீட்டர், பக்கத்தில் நான். பற்றவைக்கிறவர் திரியில் நெருப்பு வைத்ததும் "வச்சாச்சு" என்று கத்திவிட்டு ஓடுவார். அந்தக் குரல் கேட்டதும் நான் மீட்டரில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். முன்னால் அழுத்தினால் காற்றுச் சத்தம் பதிவாகும். பிந்தினால் வெடியே தப்பிவிடும்.

இரண்டு காதுக்கும் இயர்பிளக் கொடுத்திருந்தார்கள். இரண்டையும் போட்டால் "வச்சாச்சு" கேட்காது. அதனால் எனக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவள், பொறுப்பை ஒப்படைக்கும்போது இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தாள்: பற்றவைக்கிறவர் குனிந்ததும் வலது காதில் உள்ளதை மட்டும் எடுத்துவிட வேண்டும், வெடித்த பிறகு போட்டுக்கொள்ளலாம். அவளுக்கு அதற்கு முன்னால் இருந்தவள் சொல்லியிருந்தாள். அதில் தவறு இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை, ரீடிங் சரியாக வந்தது. இரண்டு வருடம் அப்படிச் செய்தேன். ரீடிங்குகளை எண்ணினேன். வெடிகளை எண்ணியதில்லை.

பிறகு தங்கப்பாண்டி அண்ணாச்சியின் கம்பெனியில் சேர்ந்தேன். கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டம் என்று மைக் செட் வாடகைக்குக் கொடுத்து வளர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேல், மைக் இருப்பதே தெரியாமல் ஒரு கச்சேரி கேட்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு வந்துவிட்டது. நல்ல மைக்குகளாக வாங்கிச் சேர்த்தார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். நன்றாக இருக்கிறது என்றோ மோசம் என்றோ ஒரு வேலையையும் சொல்லிக் கேட்டதில்லை. அவர் கேட்பது ஒரே கேள்வி: "என்ன கேக்குது?"

அவருடைய முறையைப் படிப்படியாகச் சொல்கிறேன், புதியவர்கள் கேட்டது அதைத்தான். எல்லாக் கருவிகளையும் இணைத்த பிறகு, ஒன்றையும் ஆன் செய்வதற்கு முன்னால், மூன்று பேர் அரங்கில் பிரிந்து உட்கார வேண்டும். முன் வரிசையில் ஒருவர், நடுவில் ஒருவர், கடைசியில் ஒருவர். போனை வெளியே வைத்துவிட வேண்டும். ஆளுக்கொரு தாள், பழைய மாதக் காலண்டரின் பின்பக்கம். சிவகாசி அச்சகங்கள் பக்கத்தில் இருந்ததால் எங்களுக்குத் தாள் பஞ்சம் வந்ததில்லை. ஐந்து நிமிடம். கேட்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு வரி. அடுத்தவர் தாளைப் பார்க்கக் கூடாது. முடிந்ததும் மூன்றையும் ஒரு மேசையில் விரித்து ஒப்பிட வேண்டும். பிறகு வாசிக்கிற ஒவ்வொருவரையும் தனியாக ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, இதே வேலை மறுபடியும். அரங்கில் ஆட்கள் வந்து உட்கார்ந்ததும் மூன்றாவது முறை.

என் முதல் தாளில் நான்கு வரிகள்: விசிறி, டியூப்லைட், பஸ், காக்கா. அண்ணாச்சி தாளில் ஒன்பது இருந்தன. நான் விசிறி என்று எழுதிய இடத்தில் அவர் 'மேடைப் பக்கத்திலிருந்து மூன்றாவது விசிறி, பேரிங் போகப்போகிறது' என்று எழுதியிருந்தார்.

"பஸ்ஸுன்னு எழுதியிருக்க. வருதா, போகுதா?" என்றார்.

தெரியவில்லை என்றேன்.

"அப்ப நீ பஸ்ஸக் கேக்கல தாயி. பஸ்ஸுன்னு நெனச்சிருக்க."

அவர் தாளில் இன்னொன்றும் கவனித்தேன். எழுதி முடித்ததும் கீழே இரண்டு வரி இடம் விட்டு, அதற்குக் கீழேதான் கையெழுத்துப் போடுவார். கடிதங்களில் மரியாதைக்கு இடம் விடுவார்களே, அந்தப் பழக்கம் என்று நினைத்தேன். நான் தாளின் கடைசிவரை எழுதுவேன்.

காரியாபட்டியில் ஒரு பள்ளி ஆண்டுவிழா. என் தாளில் மட்டும் 'மேடைக்கு அடியில் சிள்வண்டு' என்று இருந்தது. மழை இல்லாத மாதத்தில் ஏது சிள்வண்டு என்று பலகையைத் தூக்கிப் பார்த்தால், மின்கம்பி ஒன்று தோல் கருகிக் கிடந்தது. மேடையில் ஐம்பது குழந்தைகள் ஆட வேண்டிய நாள். அடுத்த வாரமே அண்ணாச்சி மிக்ஸரை என்னிடம் கொடுத்தார். அன்று எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், அதற்குப் பிறகு பத்து வருடம் நான் அந்த ஒரு நாளை வைத்தே என் காதை நம்பினேன்.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

சிவகாசியில் பட்டாசு, அச்சுத் தொழில் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் ஒரு சபை, சென்னையிலிருந்து ஒரு தந்தி இசைக்குழுவை வரவழைத்தது. வயலின், வியோலா, செல்லோ எல்லாமாக இருபத்துநான்கு பேர். அவர்களோடு லெஸ்லி என்று ஒருவர், ஆஸ்திரேலியப் பழங்குடியைச் சேர்ந்தவர். ஐம்பதைத் தாண்டிய மனிதர், அளவாகப் பேசுவார். அவர் வாசிப்பது டிஜெரிடூ என்ற ஊதுகுழல். கரையான் உள்ளே தின்று குடைந்த யூகலிப்டஸ் மரம், ஆள் உயரத்துக்குச் சற்றுக் குறைவு, வாய் வைக்கும் இடத்தில் தேன்மெழுகு. மேற்கத்திய இசைக்குழுக்களோடு பல நாடுகளில் வாசித்துப் பழகியவர்.

லோடு இறக்க வந்த எங்கள் ஆட்களில் ஒருவர் அதைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுல எத்தன இஞ்சு வாணம் போடலாம்?" என்று கேட்டார். என்ன சொல்கிறார் என்று லெஸ்லி என்னிடம் விசாரித்தார். சொன்னேன். விமான நிலையத்தில் துப்பாக்கி வைத்திருந்தவர்களும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள் என்றார்.

மைக் வைக்கும்போது ஒரு விஷயத்தை விளக்கினார். வயலினை ஆணி திருகிச் சுருதி சேர்க்கலாம். இந்த மரத்தில் திருக ஒன்றும் இல்லை. அது பிறந்த சுருதி எதுவோ அதுதான் சாகும்வரை. அதனால் அன்றைய கடைசி உருப்படிக்கு இருபத்துநான்கு பேரும் இந்த மரத்தைக் கேட்டுத்தான் தங்கள் தந்திகளைச் சேர்ப்பார்கள். இன்னொரு டிஜெரிடூவும் அவரிடம் இருந்தது. ஆனால் அதன் சுருதி வேறு. உருப்படி இந்த ஒன்றுக்காகவே எழுதப்பட்டது.

இசைக்குழுவை நடத்தியவர் சென்னைக்காரர், கறாரானவர். கண்டக்டர் என்றுதான் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். "டிக்கெட் கிழிக்காமயே இம்புட்டு கோவப்படுறாரே" என்று அண்ணாச்சி என்னிடம் மெதுவாகச் சொன்னார். அந்தக் கண்டக்டர் காலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தங்கள் குழுவுக்கு நிரந்தரமாக ஒலி அமைப்பாளர் தேடுவதாகவும், ஒரு வருடம் ஊர் ஊராகப் போக வேண்டியிருக்கும் என்றும், இன்றைய நிகழ்ச்சி முடிந்ததும் பேசலாம் என்றும் சொல்லியிருந்தார். அண்ணாச்சி பல வருடமாகக் கண்ட கனவு அது. அது என் கைக்கு வந்து நின்றது.

மதியம் ஒரு மணிக்கு அரங்கத்தின் பட்டியல் எழுதினோம். மூன்று தாளும் ஏறக்குறைய ஒத்திருந்தன. பிறகு லெஸ்லி தனியாக ஒரு நிமிடம் வாசித்தார். நான் நடுவில், அண்ணாச்சி கடைசியில், செல்வி முன் வரிசையில். அப்போது செல்விக்கு இருபத்துமூன்று வயது; எங்களோடு சேர்ந்து ஒரு வருடம் முடியவில்லை.

அவள் தாளில் ஒரு வரி அதிகமாக இருந்தது. 'குழலோடு சேர்ந்து ஒரு சீறல். நமுத்துப்போன திரி சீறுவது மாதிரி.'

என் தாளில் இல்லை. அண்ணாச்சி தாளிலும் இல்லை.

"மூச்சுச் சத்தமா இருக்கும். நீ பக்கத்துல இருக்க" என்றேன்.

"மூச்சு வந்து போகுதுக்கா. இது நின்னுக்கிட்டே இருக்கு. அவரு நிறுத்துனா நிக்குது."

"ரெண்டு பேருக்குக் கேக்கல. ஏசிக் காத்து" என்று சொல்லி, அவள் எழுதிய வரியின் மேல் கோடு இழுத்தேன். அண்ணாச்சி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கண்டக்டர் கூப்பிட்டார், போய்விட்டேன்.

ஒத்திகையில் லெஸ்லி ஒரு நீண்ட சுரத்தின் நடுவில் நிறுத்தினார். மறுபடியும் அதே இடம், மறுபடியும் நிறுத்தினார். ஸ்பீக்கரில் ஏதோ சீறுகிறது என்றார் கண்டக்டர். என்னிடம் அதற்கு ஒரு பட்டியல் உண்டு. கேபிளை மாற்றினேன். மைக்கை மாற்றினேன். மிக்ஸரில் வேறு வழியில் இணைத்தேன். ஒவ்வொன்றுக்கும் டிக். போயிற்றா என்று கண்டக்டர் மேடையிலிருந்து கேட்டார். எனக்கு எதுவும் கேட்கவில்லை, போயிற்று என்றேன். மறுபடியும் வாசித்தார்கள். முன் வரிசை வயலின்காரர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஜெனரேட்டரின் எர்த்தைச் சரிபார்த்தேன். மேடை விளக்குகளை அணைக்கச் சொன்னேன். இரண்டாவது முறையும் போயிற்று என்றேன். கடைசியில் எல்லா ஸ்பீக்கரையும் நிறுத்திவிட்டு வெறும் மரத்தை ஊதச் சொன்னார் கண்டக்டர். இன்னமும் இருக்கிறதே என்றார். அதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போயிருந்தது. ஆறரை மணிக்கு நிகழ்ச்சி.

லெஸ்லி மரத்தை மடியில் கிடத்திக்கொண்டு சொன்னார், "எனக்கு மூச்சு சீக்கிரம் தீர்கிறது. காற்று எங்கோ வெளியே போகிறது."

ஊதுபத்தி கொளுத்திக் காட்டினால் தெரிந்துவிடும் என்றாள் செல்வி. பூஜை சாமான்களில் ஊதுபத்தி இருந்தது. தீப்பெட்டி இல்லை. எங்கள் ஆட்கள் ஆறு பேர், அரங்கத்து ஊழியர்கள் நான்கு பேர், விருந்தினர் விடுதியிலிருந்து காபி ஃபிளாஸ்க் கொண்டுவந்திருந்த காவலாளி. எல்லோரும் சட்டைப்பையைத் தடவினார்கள், ஒருவரிடமும் இல்லை. ஆலை வாசலில் பையைத் தட்டிச் சோதித்துச் சோதித்து, தீக்குச்சி வைத்துக்கொள்ளாமலே நடமாடப் பழகிய ஊர். நாட்டுக்கே தீப்பெட்டி அனுப்புகிற இடத்தில் ஒரு குச்சிக்காக வெளியே டீக்கடைக்கு ஆள் ஓடியது. அங்கேயும் கேஸ் லைட்டர்தான் கிடைத்தது.

லெஸ்லி ஊத, செல்வி ஊதுபத்தியை மரத்தை ஒட்டி மெதுவாகக் கீழே நகர்த்தினாள். வாயிலிருந்து இரண்டு சாண் கீழே, நேராக ஏறிக்கொண்டிருந்த புகை சட்டென்று வளைந்தது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது தலைமுடி கனத்தில், ஒரு விரல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு.

காலையில் இது இல்லை என்றார் லெஸ்லி. முந்தைய நிகழ்ச்சி நடந்த கொச்சியிலிருந்து வேனில் வந்திருந்தார்கள். அங்கே காற்றில் ஈரம், இங்கே வறட்சி. மரம் தாங்காது என்று தெரிந்தே, ஈரத் துண்டால் சுற்றி விடுதி அறையில் வைத்துவிட்டுத்தான் வெளியே போயிருந்தார். அதை நான் அண்ணாச்சிக்குத் தமிழில் சொன்னேன். "ஈரத் துண்டு சுத்தி வச்சிருந்தாராம்."

ஃபிளாஸ்க்கோடு நின்றிருந்த காவலாளி அதைக் கேட்டார். அவர் பெயர் சங்கரலிங்கம். ஆனைக்குட்டம்காரர். பட்டாசு ஆலையில் வெடிமருந்தும் வெடிக்கான காகிதக் குழாயும் காயவைக்கிற களத்துக்கு முப்பது வருடம் மேஸ்திரியாக இருந்தவர். வயதான பிறகு அதே முதலாளியின் விடுதியில் இருந்தார். அவர் பேசாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தார்.

"அது நாந்தேம்மா. ரூமு கூட்டப் போனேன். குழாயி ஈரமாக் கெடந்துச்சு. துணிய எடுத்துட்டு மொட்ட மாடியில ரெண்டு மணி நேரம் காய வச்சு, மறுபடி துணியச் சுத்தி வச்சுட்டேன்."

அவர் மரத்தைப் பார்த்தபடியே தொடர்ந்தார்.

"ஈரக் குழாயப் பாத்துட்டு எப்பிடிம்மா சும்மா போறது? ஒரே பக்கமாக் காயக் கூடாதுன்னு உருட்டி உருட்டி வேற வச்சேன். அவருகிட்டச் சொல்லுங்க. மொதலாளிகிட்டயும் நீங்களே சொல்லிருங்க, எனக்கு நாக்கு வராது."

லெஸ்லியிடம் அப்படியே சொன்னேன். அவர் வெடிப்பின் மேல் விரலை ஓட்டினார். பிறகு, உருட்டி வைத்தாரா என்று திருப்பிக் கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லவேளை. இல்லையென்றால் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பிளந்திருக்கும்" என்றார்.

மெழுகு அவரிடமே ஒரு தகர டப்பாவில் இருந்தது. வெடிப்பில் மெழுகை உருக்கி அழுத்தினார். அதன் மேல் இறுக்கமாக நூல் சுற்ற வேண்டும் என்றார். சங்கரலிங்கம் டீக்கடைக்காரரின் மொபெட்டை வாங்கிக்கொண்டு போய், அணுகுண்டு வெடிக்குச் சுற்றுகிற சணலில் ஒரு கண்டு கொண்டுவந்தார். லெஸ்லி மரத்தைப் பிடித்து உருட்ட, அவர் சணலை நனைத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் இழுத்து, முடிச்சே போடாமல் நுனியை உள்ளே சொருகினார். சுற்றி முடித்ததும் என்னிடம் மெதுவாக, "இதக் காய விடலாம்ல? அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுருங்க" என்றார். கேட்டேன். அன்று லெஸ்லி வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

ஐந்து மணி. லெஸ்லி எழுந்து நின்று ஊதினார். கண்டக்டர் மேடையிலிருந்து, "போயிடுச்சா மேடம்?" என்று கேட்டார்.

மூன்றாவது முறை அதே கேள்வி. நான் மிக்ஸருக்குப் பின்னால் இருந்தேன். என் முன்னால் மேடைக்குப் பேசுகிற மைக். எனக்கு அந்தத் தாழ்ந்த சுரம் கேட்டது, அதன் மேல் அவர் குரல் கலந்து எழுப்பும் ஒலிகள் கேட்டன. சீறல் கேட்கவில்லை.

எனக்குப் பழக்கமான முறையில் யோசித்தேன். ஒன்று, வெடிப்பு இருந்தபோது எனக்குச் சீறல் கேட்கவில்லை. இரண்டு, இப்போதும் கேட்கவில்லை. மூன்று, ஆகவே என் காதை வைத்து எதையும் சொல்ல முடியாது. மூன்றாவதற்கு வர எனக்கு அரைநாள் ஆகியிருக்கக் கூடாது. போயிற்று என்று இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். உண்மையாகவே போயிருக்கவும் வாய்ப்பு இருந்தது. ஒரு வருடப் பயணம் அந்தப் பதிலில் இருந்தது. சங்கரலிங்கம் பக்கவாட்டுக் கதவருகில் சணல் கண்டோடு நின்றிருந்தார். வேலை போய்விடும் என்று தெரிந்தே ஃபிளாஸ்க்கைக் கீழே வைத்தவர்.

மைக்கை அழுத்தினேன்.

"சார், என்னக் கேக்காதீங்க. அந்தச் சத்தம் எனக்கு முதல்லயே கேக்கல. போயிடுச்சுன்னு ரெண்டு தடவை சொன்னதும் கேக்காமச் சொன்னதுதான். செல்விக்குத்தான் கேட்டுச்சு. நான்தான் அவ எழுதுனத அடிச்சேன். அவளக் கேளுங்க."

மேடையில் இருந்த அத்தனை பேருக்கும் அது கேட்டது. கண்டக்டர் செல்வியின் பக்கம் திரும்பினார். அவள் என்னைப் பார்த்தாள். நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

"கொஞ்சூண்டு இருக்கு சார். மைக்கக் கீழ் வாய்ப் பக்கம் ஒரு சாண் தள்ளி வச்சா வெளிய வராது" என்றாள். தள்ளி வைத்தார்கள். லெஸ்லி ஊதிப் பார்த்தார். கண்டக்டர் தலையசைத்தார்.

வெறும் இருக்கைகளில் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கீச்சு, சீறல்னு மேல் சுரத்துல உள்ளதெல்லாம் எனக்குக் கேக்காமப் போயி ஏழெட்டு வருசம் ஆச்சு தாயி" என்றார்.

"நீங்க சொல்லவே இல்லையே அண்ணாச்சி."

"தெனம் எழுதித்தான காட்டுனேன். கீழ ரெண்டு வரி விடுவேன்ல. அது எனக்குக் கேக்காததுக்கு உள்ள எடம்."

கடைசிவரை எழுதி நிரப்பிய என் தாள்கள் நினைவுக்கு வந்தன.

"மூணு பேர எழுதச் சொன்னது எதுக்கு, ஓட்டுப் போடவா?" என்றார். "ஒருத்தன் காது விட்டத இன்னொருத்தன் காது பிடிக்கட்டும்னுதான். நீ ரெண்டுக்கு ஒண்ணுன்னு எண்ணுன. அப்பவே சொல்லியிருக்கணும். சொன்னா, எனக்குக் காது போயிருச்சுன்னு அந்தச் சென்னைக்காரரு முன்னால சொன்ன மாதிரி ஆகும். நானும் வாய மூடிக்கிட்டேன்."

அவரிடமிருந்து மன்னிப்பு மாதிரி ஒன்றைக் கேட்டது அந்த ஒரு முறைதான்.

ஆறேகாலுக்கு அரங்கு நிரம்பியதும் மூன்றாவது பட்டியல். நான் பதினொரு வரி எழுதினேன். பட்டுப்புடவைகள் உரசுவது, ஒரு குழந்தையின் கொலுசு, இடப்பக்கம் ஒருவரின் இருமல், வெளியே சாத்தூர் பக்கமிருந்து வந்து திரும்புகிற ஒரு பஸ். எழுதி முடித்து, இரண்டு வரி இடம் விட்டு, கீழே கையெழுத்துப் போட்டேன். மூன்று தாளையும் செல்வி வாங்கிக்கொண்டாள்.

நிகழ்ச்சி நடந்தது. கடைசி உருப்படிக்கு முன்னால் லெஸ்லி ஒரே சுரத்தை ஊதி நிறுத்தாமல் நின்றார், இருபத்துநான்கு பேரும் அதைக் கேட்டுத் தங்கள் தந்திகளைத் திருகினார்கள். கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சங்கரலிங்கம் இசையைக் கேட்டாரா என்று தெரியாது. சணல் சுற்றிய இடத்தைவிட்டு அவர் கண் நகரவில்லை. கால் மணி நேரம் கழித்துக் கைதட்டல் எழுந்தபோது, "கட்டு அவுரல" என்று மட்டும் சொன்னார். முதலாளியிடம் லெஸ்லியே பேசினார். என்ன பேசினார் என்று தெரியாது. சங்கரலிங்கம் இன்னமும் அந்த விடுதியில்தான் இருக்கிறார். விருந்தினர் பொருள் எதையும் அவர் தொடுவதில்லை என்கிறார்கள்.

சென்னை வேலையைப் பற்றிக் கண்டக்டர் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் செல்விக்கு போன் வந்தது. அவள் போகத் தயங்கினாள், போ என்றேன். ஒரு வருடம் சுற்றிவிட்டு அண்ணாச்சியின் கம்பெனிக்கே திரும்பினாள்.

மதுரையில் காதைச் சோதித்தார்கள். படத்தில் வலது காதின் கோடு மேல் சுரங்களில் கிணற்றில் விழுந்தது போல் இறங்கியிருந்தது. இடது காது பாதி. ஸ்பீக்கர், ஜெனரேட்டர், கொட்டு மேளம் என்று நான் வரிசையாகச் சொன்னதை எல்லாம் டாக்டர் எழுதிக்கொண்டார். வலது காது மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டார். யோசித்துக்கொண்டே இருந்தேன். என் வலது கை தானாக எழுந்து காதருகே போய், இரண்டு விரலால் எதையோ எடுப்பது போலச் செய்தது. அப்போதுதான் நினைவு வந்தது. 'வச்சாச்சு.'

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலையை மட்டும் பார்த்துவிட்டு விலகினேன். விலகிய பிறகு அச்சங்குளம் ஆலைக்குப் போனேன். குரல் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு பச்சை விளக்கு வைக்க வேண்டும், பற்றவைக்கிறவர் கால் அருகில் ஒரு சுவிட்சு போதும் என்று படம் வரைந்து காட்டினேன். மூன்று முறை அலைந்த பிறகு வைத்தார்கள். இப்போது மீட்டர் பிடிப்பவளுக்கு இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு விளக்கைப் பார்த்தால் போதும். முதல் வாரத்தில் பார்க்கப் போனபோது, பற்றவைக்கிறவரும் குனிந்தார், விளக்கும் எரிந்தது, அவளும் பழக்கத்தில் வலது காதுக்குக் கையைக் கொண்டுபோனாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அதையும் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருந்தது.

என்னிடம் வந்த மூன்று பிள்ளைகளுக்கு: திரை காட்டுவதை நம்புங்கள், அது நல்ல கருவி. அன்றும் என் முன்னால் ஒரு திரை இருந்தது. ஒரு ஓரத்தில் மெல்லிய கோடு ஒன்று அசைந்துகொண்டுதான் இருந்தது. காதுக்குக் கேட்காததால் கண்தான் பொய் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். திரையைப் பார்ப்பவருக்கும் தான் எதைக் கேட்கவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். காகிதம் அதற்குத்தான்.

அன்றைய கடைசிப் பட்டியலின் மூன்று தாள்களையும் செல்வி ஒன்றாகப் பின் குத்திக் கம்பெனியில் வைத்திருக்கிறாள். போனால் பார்க்கலாம். அண்ணாச்சி தாளில் கீழே இரண்டு வரி காலி. என் தாளிலும் அதே இடத்தில் இரண்டு வரி காலி. செல்வியின் தாள் கடைசிவரை நிரம்பியிருக்கிறது. அத்தனை வருடங்களில் எங்கள் பட்டியல் முழுமையாக இருந்தது அன்றைக்குத்தான்.